குச்சியா, கிளுவையா?

ஏப்ரல் 3

தெற்கு எல்லையில் வேலிக்கென்று மாசிக் கடைசியில் வெட்டி ஊன்றிய கிளுவைப் போத்துகள் ஒன்றில்கூட இலை இல்லை. வடக்கு எல்லையில் கார்த்திகை மழைக்கு வைத்த நாற்றுகளிலும் பாதி மொட்டையாக நிற்கின்றன. காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, வெறகு நட்டு வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். கேலிதான், ஆனாலும் கேள்வி நியாயமானது. செத்த குச்சிக்கும் உறங்குகிற குச்சிக்கும் இருபதடி தூரத்திலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியாது.

வீட்டுக்காரர் ஒரே முடிவாக இருக்கிறார். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்துவிட்டால் இரண்டு நாளில் வேலை முடிந்தது, இந்தக் குச்சிகளை எப்போது பிடுங்கப் போகிறாய் என்று கேட்கிறார். பிடுங்கப் போவதில்லை. இப்போதைக்கு இல்லை.

சாயங்காலம் இட்டேரித் தடம் வழியாக நடந்து வரும்போது இரண்டு பக்கத்து வேலியையும் நின்று பார்த்தேன். மாமனாரின் அப்பா காலத்தில் வைத்த கிளுவை. ஆள் உயரத்துக்கு மேலே பின்னிக்கொண்டு நிற்கிற அந்த வேலியிலும் இன்றைய தேதிக்கு ஓர் இலை கிடையாது. பிரண்டையும் கோவைக்கொடியும் மட்டும் அங்கங்கே பச்சை காட்டுகின்றன. தை பிறந்து காய்ச்சல் தொடங்கினால் கிளுவை இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கும். மழை விழுந்தால்தான் எழும். கிழவியே உறங்கும்போது பேத்தி ஏன் எழவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. புது வேலிக்கு அளவுகோல் பக்கத்திலிருக்கும் பழைய வேலிதான். பழையது துளிர்த்து, புதியது துளிர்க்காமல் நின்றால், அன்றைக்குக் கவலைப்பட ஆரம்பிக்கலாம்.

ஏப்ரல் 5

வெயில் ஏறுமுன் போத்துகளைக் கீறிப் பார்க்கப் போனேன். கத்தி வேண்டாம், ஆழமாகப் போய்விடும். நகம் போதும்.

கிளுவையின் வெளிப்பட்டை வெங்காயச் சருகுபோல மெல்லிசாக உரிகிறது. அது காய்ந்து கிடப்பதைப் பார்த்துச் செத்ததென்று சொல்லக் கூடாது, உயிருள்ள மரத்திலும் அது அப்படித்தான். அதை உரித்துவிட்டு அடியில் நகத்தை வைத்து ஒரு நெல் நீளத்துக்குக் கீறினேன். பச்சை. ஈரம் நகத்தில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனால் கிளுவைக்கே உரிய அந்தப் பிசின் வாசனை. குங்கிலியத்துக்கும் சாம்பிராணிக்கும் உறவுக்காரக் குடும்பம் இது. காய்ந்து போன கட்டையில் இந்த வாசனை இருந்தாலும் பிசுபிசுப்பு இருக்காது.

மூன்று விதம் பார்த்தேன். மேலிருந்து அடிவரை எங்கே கீறினாலும் பச்சையாக இருப்பது ஒன்று. எங்கே கீறினாலும் பழுப்பாக, பட்டை மரத்தை விட்டுக் கழன்று தூளாக வருவது இன்னொன்று. இரண்டையும் பற்றிக் குழப்பமில்லை. மூன்றாவதுதான் தொல்லை: தலைப்பக்கம் ஒரு சாண் பழுப்பு, அதற்குக் கீழே பச்சை. நுனியை மட்டும் கீறிவிட்டுப் போயிருந்தால் அது செத்தவற்றின் கணக்கில் சேர்ந்திருக்கும். ஆகவே மேலிருந்து தொடங்கி, பச்சை தட்டுகிற இடம்வரை இறங்கிக்கொண்டே வர வேண்டும்.

மேற்கு வெயில் படுகிற பக்கம் பட்டை வெந்து, அதே குச்சியின் கிழக்குப் பக்கம் பச்சையாக இருப்பதும் உண்டு. இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லாப் போத்தையும் இப்படிக் கீறிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு கீறலும் ஒரு காயம், ஈரம் வெளியே போக ஒரு வாசல். சந்தேகமானவற்றை மட்டும் பார்த்து, பழுப்பானவற்றின் தலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்தேன். பிடுங்குவதற்கல்ல, பிறகு வந்து பார்ப்பதற்கு.

கட்டைவிரல் பருமனில் ஊன்றியவைதான் அதிகம் காய்ந்திருக்கின்றன. மணிக்கட்டுப் பருமனில் உள்ளவை தெம்பாக நிற்கின்றன. போத்துக்கு வேர் இல்லாத காலத்தில் தனக்குள் சேர்த்து வைத்த மாவும் நீரும்தான் சாப்பாடு. தடித்ததில் இருப்பு அதிகம்.

ஏப்ரல் 9

இன்று வடக்குப் பக்கம். இங்கே போத்து இல்லை, பையில் வாங்கி வந்த நாற்றுகள்: களா, மருதாணி, கொடுக்காப்புளி. கிளுவைக்குப் பார்த்த கணக்கு இங்கே செல்லாது என்பது முதல் வரிசையிலேயே தெரிந்துவிட்டது.

களா என்றைக்கும் பச்சையாக இருக்கிற செடி. கோடைக்கென்று மொட்டையாவது அதன் வழக்கமில்லை. அதனால் இலையில்லாத கிளுவையைப் பார்த்தால் வராத பயம் இலையில்லாத களாவைப் பார்த்தால் வர வேண்டும். நல்லவேளை, களாவைச் சோதிப்பது சுலபம். சிறு கொம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும். பால் வந்தால் அந்த இடம்வரை உயிர் இருக்கிறது. வராவிட்டால் ஒரு விரற்கடை கீழே இறங்கிக் கிள்ள வேண்டும். கிள்ளிய சிலவற்றில் நுனியில் ஒன்றுமில்லை, பாதியில் பால் துளிர்த்தது. ஒரு செடியில் மண் மட்டம்வரை இறங்கியும் பால் வரவில்லை. அதற்குச் சுண்ணாம்பு.

மருதாணி காய்ச்சலில் இலையைக் கொட்டும். கொம்பு மெலிசாக இருப்பதால் நகத்தால் கீறத் தோதில்லை. வளைத்துப் பார்த்தேன். உயிருள்ள கொம்பு வளைந்து கொடுத்து, விட்டதும் நிமிர்கிறது. செத்தது படக்கென்று ஒடிகிறது, ஒடிந்த இடத்தில் வைக்கோல் நிறம். கொடுக்காப்புளிக்கு முள்ளே வழிகாட்டி. முட்கள் இரட்டையாக நிற்குமிடத்தில், அவற்றுக்கு நடுவே குருத்து கிளம்பும் கண் இருக்கும். அது உப்பலாக, தொட்டால் கெட்டியாக இருந்தால் சரி. சுருங்கி உள்ளே போய், விரல் பட்டதும் உதிர்ந்தால் அந்தக் கண் போயிற்று. இந்த மரம் மெக்சிகோப் பக்கமிருந்து வந்தது என்று நேற்றிரவு அத்தையிடம் சொன்னேன். "நான் பொறந்தப்பவே நம்ம கெணத்து மேட்டுல இருந்துச்சு, போ" என்று முடித்துவிட்டார்.

மூன்று செடிக்கும் பொதுவாக ஓர் அடையாளம் இருக்கிறது. இன்றைக்கு முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மருதாணி நாற்று. ஒன்றில் இலையே இல்லை, கீழே மண்ணில் காய்ந்த இலைகள் கிடக்கின்றன. இன்னொன்றில் இலை எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் பழுப்பாகச் சுருண்டு கொம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்தாலும் வருவதில்லை. யாரைக் கேட்டாலும் இலையோடு இருப்பதுதான் தேவலை என்பார்கள். உண்மை நேர்மாறு. இலையை உதிர்ப்பது செடி செய்கிற வேலை. காம்பின் அடியில் குறுக்கே மெல்லிய படலம் ஒன்றை வளர்த்து, அந்தப் பக்கத்துக்கு நீரை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு, பிறகுதான் இலையைக் கழற்றிவிடும். உதிர்ந்த இடத்தைப் பார்த்தால் ஆறிய வடு சுத்தமாக இருக்கும். அந்த வேலையைச் செய்ய உயிர் வேண்டும். அதற்குக்கூட அவகாசமில்லாமல் சட்டென்று காய்ந்த கொம்பில்தான் இலை ஒட்டிக்கொண்டே நிற்கும்.

சந்தேகத்துக்கு இரண்டையும் கீறினேன். மொட்டையாக நின்றதில் பச்சை. இலையோடு நின்றதில் மேல் பாதி முழுக்கப் பழுப்பு, அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை. கொம்பு செத்திருக்கிறது, செடி இன்னும் சாகவில்லை. மருதாணி வெட்ட வெட்ட அடியிலிருந்து கிளைக்கிற ஜாதி, அதனால் இதையும் விட்டு வைத்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வேப்பம்பூ, மாங்காய், வடை, பாயசம். வேலிப்பக்கம் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டபின் கம்பி வேலிப் பேச்சு மறுபடி வந்தது. அவர் சொல்வதில் தப்பில்லை, கம்பி வேலி நட்ட அன்றே வேலி. கிளுவை ஆடு நுழையாத வேலியாக அடர்வதற்குச் சில வருஷம் ஆகும்.

ஆனால் இந்த மண்ணைப் பற்றியும் யோசிக்க வேண்டும். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என்று இந்தச் சுற்று முழுக்க வருஷத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான். அதில்தான் கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் முறையே நிலைத்தது. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கயம் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். காசு கொடுத்து வாங்கியது எதுவும் அந்த வேலியில் இல்லை. இருந்த வேலியில் வெட்டிய போத்துதான் அடுத்த வேலி. இப்போது ஒவ்வொன்றாக ஜேசிபி வைத்துப் பிடுங்குகிறார்கள், அகலமாக ஆக்கிரமிக்கிறது என்பது காரணம். ஓரடி நிலத்துக்கு விலை ஏறினால் வேலிக்கும் ஆபத்துதான்.

ஏப்ரல் 19

செம்மறி மேய்க்கும் பெரியவர் வந்தார். இட்டேரி வேலியில் பாதி அவர் கையால் கவாத்து செய்யப்பட்டது. நான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு, "எதுக்கம்மணி தண்ணி?" என்றார்.

"காஞ்சு போயிருக்குதுங்களே மாமா."

"எல இல்லாத மரம் எத்தனை தண்ணி குடிக்கும்? ஊத்தி ஊத்தி அழுக உட்றாதீங்க."

அவர் சொன்னது சரி. நீர் போவது இலை வழியாகத்தான். இலையைக் கொட்டிவிட்டு உறங்கும் செடிக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். அதுவும் கிளுவை தண்டிலேயே நீர் வைத்திருக்கிற மரம், வேர் பிடிக்காத அடிவெட்டு சேற்றில் நின்றால் வேருக்குப் பதிலாக அழுகல்தான் பிடிக்கும். பையிலிருந்து வந்த நாற்றுகளின் கதை வேறு. அவற்றின் வேர் இன்னும் அந்தப் பை அளவு மண்ணுக்குள்தான் இருக்கிறது, சுற்றிலும் ஈரமிருந்தாலும் எட்டிக் குடிக்கத் தெரியாது. அவற்றுக்கு நிதானமாக ஊற்றலாம். ஊற்றுமுன் தண்டை ஒட்டியல்ல, சற்றுத் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடித்த பிடியில் நின்றால் இன்றைக்கு வேண்டாம். பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்றலாம். மேல் மண் காய்ந்திருப்பது ஒன்றையும் சொல்லாது, சித்திரையில் அது காயாமல் இருக்குமா?

வாய்க்கால் கசிகிற மூலையில் நின்ற போத்துகளைப் பெரியவர் குனிந்து, மண்ணை விலக்கி, அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றில் விரல் உள்ளே போனது. பட்டை கறுத்து, வழுவழுவென்று, புளித்த நாற்றம். வேடிக்கை என்னவென்றால் அதே போத்தின் நடுவில் கீறினால் இன்னமும் பச்சை. மேலே பச்சை, கீழே அழுகல். அது சாகவில்லை, ஆனால் பிழைக்கவும் போவதில்லை. கீறிப் பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

போகும்போது இரண்டு போத்தைத் தொட்டுக் காட்டி, "இது தலைகீழா நிக்குது" என்றார். சாய்வாக வெட்டிய பக்கம் அடி, நேராக வெட்டிய பக்கம் தலை. கூலிக்கு ஊன்றியவர்கள் மாற்றி ஊன்றியிருக்கிறார்கள். எனக்கு வெட்டைப் பார்த்துத் தெரியவில்லை, அவர் கணுவின் சாய்வைப் பார்த்துச் சொன்னார். வேர் வரச் செய்யும் சத்து மரத்துக்குள் தலையிலிருந்து அடிநோக்கித்தான் இறங்கும். கவிழ்த்து நட்டால் அது மேலே வெயில் காய்கிற முனையில்போய்த் தேங்கும், மண்ணுக்குள் இருக்கும் முனைக்கு ஒன்றும் கிடைக்காது.

ஏப்ரல் 27

இன்று ஓர் ஆச்சரியம். மழையே இல்லாமல் தெற்கு வரிசையில் சில போத்துகள் துளிர்த்திருக்கின்றன. கணுவில் கடுகளவு பச்சை முடிச்சு, அதிலிருந்து மும்மூன்றாகக் குட்டி இலை. கசக்கினால் வாசனை. போட்டோ எடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கும் பையனுக்கு அனுப்பினேன், கைதட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

பெரியவரிடம் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷத்தையும் காணோம்.

"அது சோத்துக்கு இருக்கற வரைக்கும் எல உடும் அம்மணி. வேரு உட்டுச்சான்னு பாருங்க."

"வேரை எப்பிடிங்க பாக்கறது? பிடுங்கித்தானே பாக்கோணும்?"

"புடுங்குனா போச்சு. பேசாம இருங்க. வெயிலு சொல்லும்."

விறகுக்கு வெட்டிப் போட்ட பூவரசுக் கட்டை மழையில் நனைந்து இலை விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது மரமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. போத்தும் அப்படித்தான். தண்டிலிருக்கும் இருப்பைச் செலவழித்து இலை விடலாம். விட்ட இலை நீரை வெளியே விடும், உள்ளே கொண்டுவர வேர் இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். வெறுங்குச்சியைப் பார்த்துச் செத்துவிட்டது என்பதும், துளிரைப் பார்த்துப் பிழைத்துவிட்டது என்பதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகம். எனக்கு இதில் இரண்டாவதுதான் பெரிய ஏமாற்று என்று தோன்றுகிறது. முதலாவதில் கொஞ்சம் பொறுத்தால் நல்ல செய்தி வரலாம்.

மே 4

கத்திரி தொடக்கம். துளிர்த்தவற்றில் சில, மத்தியானம் தொங்கிப்போய்ச் சாயங்காலமும் நிமிரவில்லை. வேறு சில மத்தியானம் துவண்டு, வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்தன. பெரியவர் வெயில் சொல்லும் என்றது இதைத்தான்.

மே 9

கரையான். போத்துகளில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் சட்டை போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சரி, இனிமேலாவது கம்பி இழுக்கலாமா?" என்றார். தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் காய்ந்த வெளிச்சருகைத்தான் தின்றிருக்கிறது, அடியில் பச்சை அப்படியே இருக்கிறது. கரையான் ஏறியதாலேயே செத்தது என்று அர்த்தமில்லை. ஆனால் சுண்ணாம்பு வைத்தவற்றில் இரண்டு மூன்றில் மரத்துக்குள்ளேயே துளை போட்டுப் புகுந்திருந்தது, அவற்றைத் தட்டினால் பொக்கென்ற சத்தம். அவற்றை மட்டும் எடுத்துவிட்டேன். அடுப்புக்கும் ஆகவில்லை.

மே 16

மழை! நேற்றுப் பொழுது சாய்ந்ததும் மேற்கே கறுத்து, காற்றும் இடியுமாக ஓர் உழவு மழை. காலையில் கடப்பாரையைக் குத்தினால் ஒரு முழம் இறங்குகிறது. வேலியைப் பார்க்கவில்லை. எள்ளு விதைக்க ஆள் தேடுவதிலேயே நாள் போயிற்று.

மே 23

இட்டேரி வேலி எழுந்துவிட்டது. மழை பெய்த மூன்றாம் நாளே கணுக்கள் உப்பின, இன்றைக்கு வேலி முழுக்க இளம்பச்சை. வெள்ளாடுகள் பின்னங்காலில் நின்று எட்டிக் கடிக்கின்றன.

புதிய வேலிக்கு வந்தேன். மேலிருந்து அடிவரை பச்சை காட்டிய தடித்த போத்துகள் பெரும்பாலும் துளிர்த்துவிட்டன. தலை பழுப்பானவை பச்சை தொடங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழே துளிர்த்திருக்கின்றன. அந்த இடத்துக்கு மேலே காய்ந்து நிற்கும் பகுதியைச் சாய்வாக வெட்டிவிட்டுச் சாணி அப்பினேன், நீர் தேங்கி அழுகல் இறங்காமல் இருக்க. ஏப்ரல் கடைசியில் முந்திக்கொண்டு துளிர்த்தவற்றில் கத்திரியில் இலை கருகியவை பெரும்பாலும் மறுபடி எழவில்லை. நகத்தால் கீறினால் அன்று பச்சையாக இருந்த இடம் இன்று பழுப்பு. முதலில் கைதட்டு வாங்கியவை அவைதான்.

வடக்கில் மொட்டையாக நின்ற மருதாணி எல்லாக் கொம்பிலும் துளிர்த்துவிட்டது. இலை ஒட்டிக்கொண்டிருந்தது மேலே ஒன்றும் காட்டவில்லை, ஆனால் தண்டின் அடியில் மண்ணோடு மண்ணாக இரண்டு சிவந்த முளை. மேல் கொம்பை முழுக்க வெட்டியெறிந்தேன். பால் வராத களா பால் வராமலே இருக்கிறது. அதைப் பிடுங்கினேன். பையிலிருந்தபோதே வேர் வட்டமடித்து வளர்ந்து, வட்டமாகவே நின்றுபோயிருந்தது. நட்ட அன்று அந்தச் சுருளைப் பிரித்துவிட்டோ வெட்டிவிட்டோ நட்டிருக்க வேண்டும், அடுத்த நடவுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

மே 30

சுண்ணாம்புக்காரர்கள் பாக்கி. பழுப்பு என்று நானே குறித்தவற்றில் ஒன்றிரண்டு, தரை மட்டத்தில் கண் திறந்திருக்கின்றன. மண்ணுக்குள் இருந்த பகுதியில் ஈரம் தங்கியிருக்கிறது, வெளியே இருந்ததுதான் போயிருக்கிறது. நகம் மண்ணுக்கு மேலேதான் பார்க்கும். சுண்ணாம்பை வைத்துவிட்டுப் பிடுங்காமல் விட்டதற்கு இன்றைக்குப் பலன்.

எல்லாச் சுண்ணாம்புக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பாதிக்கு மேல் குச்சிதான், அதில் மாற்றமில்லை.

ஜூன் 8

காற்று பிடித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற இந்தக் காற்று மழையைக் கொண்டுவராது, ஈரத்தைக் கொண்டுபோகும். வேர் பிடிக்காதவை இனி தாங்காது. அதனால் இன்று கடைசிச் சோதனை: இரண்டு விரலால் போத்தைப் பிடித்து மெல்ல மேல்நோக்கி ஓர் இழுப்பு. பிடுங்குகிற இழுப்பல்ல, கேட்டுப் பார்க்கிற இழுப்பு. வேர் விட்டது அசையாமல் மண்ணைப் பிடித்து நிற்கிறது. விடாதது வழுக்கிக்கொண்டு வருகிறது. இதை ஏப்ரலில் செய்திருந்தால் நூலாக வந்துகொண்டிருந்த வேர்களை அறுத்திருக்கும். பழைய வேலி துளிர்த்து இரண்டு வாரம் தாண்டியபின் செய்வதில் பாதகமில்லை.

துளிரை வைத்தும் இப்போது தீர்ப்புச் சொல்லலாம். முதல் இலைகளோடு நின்றுபோனது வேரில்லாதது. முதல் இலை முற்றி, அதற்கு மேலே இரண்டாம் ஈடு குருத்து விட்டது வேர் உள்ளது. வரிசை முழுக்க நடந்து பார்த்ததில் இரண்டாம் ஈடு விட்டவையே அதிகம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு போத்தை அசைத்துப் பார்த்தார், அது அசையவில்லை. "கெழக்கால மட்டும் கம்பி போட்டுக்கலாம்" என்றார். கிழக்கே பாறை, போத்து இறங்காது. ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 21

செத்ததை எல்லாம் இன்று பிடுங்கி முடித்தாயிற்று. இடைவெளி விட்ட இடங்களில் இப்போதே ஊன்றலாமா என்று பெரியவரைக் கேட்டேன். "எல இருக்கறப்ப வெட்டுன போத்து நிக்காது அம்மணி" என்றார். இலை விட்ட மரம் இருப்பைச் செலவழித்துவிட்டிருக்கும், தை மாசியில் இலை கொட்டி இருப்பைச் சேர்த்து வைத்திருக்கும்போது வெட்ட வேண்டும். களாவும் மருதாணியும் ஐப்பசி மழைக்கு வைக்கலாம். அதுவரை இடைவெளிகளில் வேலா முள் வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறது.

அடுத்த மாசிக்கு மணிக்கட்டுப் பருமனில் போத்து நிறைய வேண்டும், இட்டேரி வேலியில் அவ்வளவு எடுத்தால் அது தாங்காது. பக்கத்து ஊர்களில் யாராவது கம்பி வேலிக்காகக் கிளுவையை எடுப்பதாக இருந்தால், தை பிறக்கும்வரை பொறுத்துச் சொல்லி அனுப்பட்டும். ஜேசிபி கூலியில் பாதியை நாங்கள் கொடுத்து, போத்தை வெட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.